இரவல் நெஞ்சு

இதை எனக்குச் சொன்னவள் ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒன்றை மாற்றிச் சொல்வாள். எக்ஸ்ரே பெட்டியைச் சிறைக்குள் தூக்கி வந்த அன்று மழை பிடித்துக்கொண்டது என்பாள். இன்னொரு நாள், வெயில் மண்டையைப் பிளந்தது என்பாள். நான் கேட்டும் வெகுகாலம் ஆகிவிட்டது. யார் எந்தச் சொல்லைச் சொன்னார்கள் என்பதில் எனக்கே இப்போது நிச்சயமில்லை. ஆனால் யார் யாருக்கு என்ன செய்தார்கள் என்பதில் அவள் ஒருமுறைகூட மாறிப் பேசியதில்லை. அதை நம்பித்தான் சொல்கிறேன்.

பெண்கள் சிறையில் அவளுக்குச் சித்தாள் என்று பெயர். உள்ளே வருவதற்கு முன் கட்டட வேலையில் கல்லும் கலவையும் சுமந்தவள். ஒரு நாள் மேற்பார்வையாளனைக் கையில் இருந்த செங்கல்லால் அடித்தாள். அவன் எழுந்திருக்கவில்லை. அதற்கு மேல் அதைப் பற்றி அவள் பேசமாட்டாள். கேட்டால், சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

அவளுடைய அறையில் இன்னும் இரண்டு பேர். ஒருத்தி ரேடியோ. சிறையில் எந்த மூலையில் ஊசி விழுந்தாலும் அந்தச் செய்தி இவள் வாய் வழியாகத்தான் ஊர்வலம் போகும். இன்னொருத்தி, கணவன் வீட்டில் ஒளித்துவைத்த போதைச் சரக்குக்கு உடந்தை என்று பிடிபட்டவள். கணவன் தப்பி ஓடிவிட்டான். இவள் வயிற்றில் பிள்ளையோடு உள்ளே வந்தாள். பிள்ளை இங்கேயே பிறந்தது. பள்ளிக்கூடம் போகிற வயது வரும்வரை தாயோடு வைத்துக்கொள்ளலாம் என்று விதி. அந்தப் பெண் குழந்தையை எல்லோரும் வாலு என்றார்கள். தாயைத் தனியாகக் கூப்பிட ஒரு பெயர் தேவைப்படவில்லை. வாலுவோட அம்மா, அவ்வளவுதான்.

சித்தாளுக்கு வெளியே யாரும் இல்லை. பார்க்க வருகிற நாட்களில் அவள் பெயரை யாரும் கூப்பிட்டதில்லை. ஆனால் வாலு அவளைப் பெரீம்மா என்று கூப்பிட்டது. குளிப்பாட்டுவது, தலை வாருவது, பூச்சாண்டி காட்டிச் சோறு ஊட்டுவது எல்லாம் பாதி அவள் வேலை. "ஊருல தங்கச்சிதான் அக்கா புள்ளைய வளர்ப்பா, இங்க உன் புள்ளைய அக்கா வளர்க்குறா. நீ சொகுசுக்காரிடி" என்று ரேடியோ தாயைக் கிண்டல் செய்வாள்.

கொஞ்ச காலமாகத் தாய்க்கு இருமல். யாருக்கும் கேட்கக் கூடாதென்று கம்பளியை நாலாக மடித்து வாயில் அழுத்திக்கொண்டு இருமுவாள். இடுப்பு நாடாவை முன்பு கட்டிய முடிச்சுக்கு உள்ளே தள்ளி இறுக்கிக் கட்ட ஆரம்பித்திருந்தாள். சாயங்காலமானால் உடம்பு கணகணக்கும். சித்தாள் பார்த்தாள், கேட்கவில்லை. சிறையில் சிலதைக் கேட்காமல் இருப்பதுதான் மரியாதை.

ஒருநாள் காலை, தண்ணீர்க் குழாயடியில் ரேடியோ ஒலிபரப்பினாள்.

"நாளைக்கு எல்லாரையும் படம் புடிக்கறாங்களாம். தலைய வாரிக்கிட்டு நில்லுங்கடி."

"என்ன படம்? நீ கதாநாயகியா?" என்றாள் ஒருத்தி.

"நெஞ்சுப் படம். கேமரா மாதிரி சின்னப் பெட்டியாம். டிபி இருக்கான்னு பாக்குறாங்க. உள்ள இருக்கிற கள்ளத்தனமெல்லாம் அப்படியே தெரியுமாம்."

"அப்ப உன்னுதுக்கு ஒரு பெட்டி பத்தாதே!"

எல்லோரும் சிரித்தார்கள். வாலுவின் அம்மா மட்டும் நிரம்பி வழிகிற வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். குழாயை மூடத் தோன்றவில்லை.

ரேடியோ குரலைத் தாழ்த்தினாள். "இருக்குன்னு வந்தா பின்கட்டுல தனியாப் போட்டுருவாங்க. அங்க புள்ளைங்கள விடமாட்டாங்க. போன வருஷம் அந்தப் பக்கத்து பிளாக்குல ஒருத்திக்கு வந்துச்சே, அவ பையனை அநாதை இல்லத்துக்கு அனுப்பினாங்க. வெளிய போய்த்தான் தேடணும்."

அன்று பகல் முழுக்க வாலுவின் அம்மா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அதன் கால் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டிருந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் ஒரு காக்கை வந்து உட்கார்ந்து, எதுவும் கிடைக்காமல் போயிற்று. கடைசியில் சித்தாள்தான் வாயைத் திறந்தாள்.

"நான் ரெண்டு தடவை நிக்கறேன்."

"என்னக்கா?"

"என் நம்பருக்கு ஒரு தடவை. உன் நம்பருக்கு ஒரு தடவை. என் நெஞ்சு நல்லா இருக்கு. மூட்டை தூக்கின நெஞ்சு."

"கண்டுபுடிச்சா?"

"நுரையீரலுக்கு மூஞ்சியா இருக்கு, இது யாருதுன்னு பாத்துச் சொல்ல?"

தாய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கை சுட்டது.

மறுநாள் தையல் கூடத்தில் இயந்திரங்களை எல்லாம் சுவரோரம் ஒதுக்கியிருந்தார்கள். தரையில் நூல் துணுக்குகள் அப்படியே கிடந்தன. மூன்று கால் தாங்கியில் மஞ்சள் நிறப் பெட்டி ஒன்று. கல்யாண வீட்டுக் கேமராவைக் கொஞ்சம் ஊதிப் பெரிதாக்கியது போல இருந்தது. அதற்கு எதிரே கம்பத்தில் ஒரு கறுப்புப் பலகை. பக்கத்து மேசையில் மடிக்கணினி. ஈயம் வைத்த கனத்த அங்கியை மாட்டிக்கொண்டு ஒரு நடுவயதுப் பெண் நின்றாள். வந்த சற்று நேரத்திலேயே கைதிகள் அவளுக்குப் படக்காரம்மா என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

முற்றத்தில் நர்ஸ் ஒருத்தி உட்கார்ந்து, இருமல் உண்டா, காய்ச்சல் உண்டா, உடம்பு இளைத்ததா, பிள்ளை உண்டாகியிருக்கிறாயா என்று கேட்டு, நம்பர் எழுதிய சீட்டைக் கையில் கொடுப்பாள். எல்லோர் முகத்திலும் முகமூடி. எல்லோர் மேலும் ஒரே சாம்பல் நிற உடுப்பு. சீட்டோடு தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிக்கொண்டு கூடத்துக்குப் போக வேண்டும். கூட வந்து ஆளைச் சரிபார்க்க வேண்டிய இளம் வார்டர் கூடத்து வாசலைக்கூட மிதிக்கவில்லை; எட்ட மரத்தடியில் நின்றுகொண்டாள்.

"எனக்கு இன்னும் கல்யாணமே ஆகல. அந்தக் கதிருகிட்ட என்னை இழுக்காதீங்க" என்றாள்.

"நாள் பூரா இதோட நிக்கறவ நான். எனக்கு ரெண்டு வாலில்லாக் குரங்கு இருக்கு வீட்ல" என்றாள் படக்காரம்மா உள்ளிருந்து.

"உங்களுக்குக் கவசம் இருக்கு. எனக்குச் சட்டைப் பித்தான்தான் இருக்கு."

சித்தாள் முதலில் தன் நம்பருக்கு நின்றாள். முடியைத் தூக்கிக் கட்டச் சொன்னாள் படக்காரம்மா. தாடையைப் பலகையின் விளிம்பில் வைத்து, கைகளை இடுப்பில் ஊன்றி, தோள்களை முன்னால் தள்ளச் சொன்னாள். "இழு... நல்லா இழு... புடிச்சுக்கோ. ம், விடு." அவ்வளவுதான். ஒரு கொசு கடித்த வலிகூட இல்லை.

அவளுக்குப் பின்னால் நின்றது ரேடியோ. அவள் படம் வந்ததும் மடிக்கணினியில் சிவப்பாக ஒரு கட்டம் விழுந்தது; நோய் இருக்கலாம் என்று பெட்டி காட்டும் அடையாளம். படக்காரம்மா ஒரு டப்பாவைக் கொடுத்து, ஆழமாக இருமிச் சளியைத் துப்பித் தரச் சொன்னாள்.

"துப்புறதுக்கு இவ்ளோ மரியாதையா? வெளிய துப்பினா திட்டறாங்க, இங்க டப்பா குடுக்கறாங்க" என்று ரேடியோ சிரித்தாள். அவளை அப்படியே மருத்துவ அறைக்கு அழைத்துப் போனார்கள். போகும்போதும் திரும்பித் திரும்பிப் பேசிக்கொண்டே போனாள்.

அதைப் பார்த்துவிட்டுச் சித்தாள் வெளியே வந்தாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வாலுவின் அம்மா காத்திருந்தாள். நர்ஸிடம் எல்லாவற்றுக்கும் இல்லை இல்லை என்று சொல்லிவிட்டு வாங்கிய சீட்டை நீட்டினாள். அது வியர்வையில் நனைந்திருந்தது. சித்தாள் தலையில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு மறுபடி போய் வரிசையில் நின்றாள். மறுபடி தாடை, மறுபடி தோள். "இழு... புடி... விடு." திரையில் பச்சை.

மத்தியானம் அறைக்குள் வாலுவின் அம்மா சிரித்தாள். அவள் சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று சித்தாள் நினைத்துப் பார்த்தாள், நினைவு வரவில்லை. வாலு இருவர் மடியிலும் மாறி மாறிக் குதித்தது. "தலை தப்பிச்சுதுக்கா" என்றாள் தாய். பிறகு கம்பளியை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு திரும்பிக்கொண்டாள்.

வெயில் சாயும் நேரத்தில் சித்தாளை மட்டும் கூடத்துக்கு வரச் சொன்னார்கள். படக்காரம்மா கவசத்தைக் கழற்றிவிட்டு மடிக்கணினி முன் உட்கார்ந்திருந்தாள். கிளம்புவதற்கு முன் அன்றைய படங்களை ஒரு தடவை புரட்டிப் பார்ப்பது அவள் வழக்கம். பெட்டி சொல்லும் பச்சையை அவள் முழுக்க நம்புவதில்லை.

"உன் இடது காறை எலும்பு எப்ப ஒடஞ்சுது?"

சித்தாளின் கை தானாகத் தோளுக்குப் போயிற்று. "சாரத்துலேர்ந்து விழுந்தேன். ரொம்ப வருஷம் ஆச்சு."

"கட்டுப் போடலையா?"

"மறுநாளே வேலைக்குப் போனேன்."

"அதான் ஒன்னு மேல ஒன்னு ஏறிக் கூடியிருக்கு. இங்க பாரு." திரையில் இரண்டு நெஞ்சுகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. இரண்டிலும் ஒரே இடத்தில், வளைந்து முடிச்சிட்ட ஒரே எலும்பு. "இது உன் நம்பர். இது இன்னொருத்தி நம்பர். ரெண்டு பேரும் சேந்தே விழுந்தீங்களா?"

சித்தாள் இரண்டு எலும்பையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சின்னக் குரலில், "நெஞ்சைத்தானே எடுக்கறோம்னு சொன்னீங்க. எலும்பை எதுக்கு எடுத்தீங்க?" என்றாள்.

படக்காரம்மாவுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. கண்ணைத் தேய்த்துக்கொண்டாள். "யாரு அவ?"

"என் தங்கச்சி மாதிரி. சின்னக் குழந்தை இருக்கு. பிரிச்சிருவாங்கன்னு..."

"இருமறாளா?"

தலை அசைந்தது.

"குழந்தை எங்க தூங்குது?"

"அவ மார்லதான். வேற எங்க தூங்கும்?"

படக்காரம்மா மடிக்கணினியை மெதுவாக மூடினாள். "நீ உன் நெஞ்சை யாருக்குக் குடுத்தேன்னு நினைக்கற? அவளுக்கா? அவ விடற மூச்சைத்தான் அந்தப் புள்ள இழுக்குது. பெரியவங்க தாங்குவாங்க. அந்த வயசுல மூளைக்குப் போனா யாராலயும் ஒன்னும் பண்ண முடியாது."

சித்தாளுக்கு இது தோன்றியதே இல்லை. தாயிடமிருந்து குழந்தைக்குப் பசியாறுவதும் தூக்கம் வருவதும் அவளுக்குத் தெரியும். நோயும் அதே வழியில்தான் போகும் என்று ஒரு கணம்கூட நினைத்ததில்லை.

"நான் வார்டர்கிட்டச் சொன்னா உங்க ரெண்டு பேர் மேலயும் இன்னொரு கேஸ். எனக்கு அது வேணாம்" என்றாள் படக்காரம்மா. "படம் மங்கலா விழுந்துச்சுன்னு எழுதிக்கறேன். நீயே அவளை அழைச்சுட்டு வா. வண்டி கிளம்பற வரைக்கும் பெட்டியை மடிக்காம வச்சிருக்கேன். நீ வரலேன்னா சொல்லித்தான் ஆகணும். வேற வழி இல்ல எனக்கு."

அறைக்குத் திரும்பும் நடை நீண்டது. தாய் குழந்தைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். சித்தாள் சொன்னாள். சீப்பு பாதித் தலையில் நின்றது.

"போய்ச் சொல்லிட்டியாக்கா?"

"நான் சொல்லல. என் எலும்பு சொல்லிடுச்சு."

"வண்டி போற வரைக்கும் நான் இங்கேர்ந்து அசைய மாட்டேன். அப்புறம் என்ன வேணா ஆகட்டும். நீ வாயத் தொறக்காத, உன் காலப் புடிச்சுக் கேக்கறேன்."

"வாலுக்கு வந்துரும்டி."

"என் புள்ளைக்கு ஒன்னும் வராது! நான் மூடிக்கிட்டுத்தானே இருமறேன்? ஒரு தடவையாவது அவ மூஞ்சில இருமியிருக்கேனா? நீயே சொல்லு!"

எங்கோ ஒரு கதவுத் தாழ் போடும் ஒலி. வாலு எழுந்து வந்து, வழக்கம்போலப் பெரீம்மாவின் முழங்காலைக் கட்டிக்கொண்டு தூக்கச் சொன்னது. அவள் தூக்கினாள்.

அந்தக் கை காலமெல்லாம் சுமை தூக்கிய கை. ஈரச் செங்கல்லுக்கும் காய்ந்த செங்கல்லுக்கும் உள்ள வித்தியாசம் அதற்குத் தெரியும். தினமும் தூக்கியதால்தானோ என்னவோ, இவ்வளவு நாளும் கவனிக்காமல் விட்டிருந்தாள். குழந்தை கனக்கவில்லை. வளர்கிற குழந்தை கனக்க வேண்டும் அல்லவா? காதுக்குக் கீழே, கழுத்தோரம், பட்டாணி போல ஏதோ உருண்டது. சளிக் கட்டி என்று விட்டிருந்தார்கள்.

அவள் தாயின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் முடிந்திருக்காது என்று பிறகு சொன்னாள். குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியே நடந்தாள்.

பின்னாலேயே அலறல் வந்தது. "என் புள்ளையத் தூக்கிட்டு ஓடறா! புடிங்க! பாவி, புடிங்க அவள!"

மரத்தடியில் இருந்த வார்டர் தடியோடு ஓடி வந்து வழியை மறித்தாள். வாலு இது ஏதோ விளையாட்டு என்று நினைத்துக் கைகொட்டிச் சிரித்தது. கூடத்து வாசலில் வந்து நின்ற படக்காரம்மா, "விடுங்க. நான்தான் கொண்டுவரச் சொன்னேன். குழந்தைக்குப் படம் எடுக்கணும். உள்ள வர்றீங்களா நீங்களும்?" என்றாள். வார்டர் இரண்டடி பின்னால் போனாள்.

மேசையில் கிடந்த கவசத்தைப் படக்காரம்மா சித்தாளுக்கு மாட்டினாள். கலவைச் சட்டியைவிடக் கனமாக இருந்தது. குழந்தையைப் பலகையோடு சேர்த்துப் பிடிக்கச் சொன்னாள். தாய் வாசல்படியில் மூச்சிரைக்க நின்றாள். உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை.

"பெரீம்மா, போட்டோவா?"

"ஆமாண்டா கண்ணு."

"நான் சிரிக்கணுமா?"

"சிரி."

வாலு பல் அத்தனையும் தெரியச் சிரித்தது. பெட்டி கிட்டென்று ஒரு ஒலி எழுப்பியது. படம் உடனே வந்துவிட்டது. அந்த வேகம்தான் கொடுமை. மனசைத் தயார் செய்துகொள்ள இடம் தராத வேகம். புறாக் கூண்டு போல இத்தனூண்டு நெஞ்சு. இதயத்தின் ஓரத்தில், வலது பக்கம், பாலைச் சிந்தித் துடைக்காமல் விட்டது போல ஒரு வெண்மை.

டாக்டர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும், அதற்கு முன் வாயைத் திறக்கக் கூடாது என்பது படக்காரம்மா வேலையின் ஒழுங்கு. ஆனால் வாசல்படியில் நின்றவளுக்கு டாக்டர் தேவைப்படவில்லை. அவள் திரையையே பார்த்தாள். பிறகு உள்ளே வந்து, முகமூடியைச் சரிசெய்து, முடியைத் தூக்கிக் கட்டினாள். யாரும் கூப்பிடாமலே பலகைக்கு முன்னால் போய் நின்று தாடையை வைத்தாள்.

"மூச்சை இழுத்துப் புடிக்கணுமா?" என்று கேட்டாள்.

"முடிஞ்ச வரைக்கும் புடிம்மா."

அவளால் பிடிக்க முடியவில்லை. பாதியில் இருமல் வந்துவிட்டது. முதல்முறையாக, கம்பளி இல்லாமல், எல்லோர் எதிரிலும் இருமினாள். இரண்டாம் தடவை எடுத்த படம்தான் விழுந்தது. கட்டத்தின் சிவப்பு பாதி நெஞ்சை அடைத்திருந்தது.

இருட்டுவதற்கு முன் அவளைப் பின்கட்டுக்கு அழைத்துப் போக வந்தார்கள். குழந்தையை மருத்துவமனை வண்டியில் ஏற்ற வேண்டும். தாய் கையால் கொடுக்கக் கூடாது என்று நர்ஸ் சொல்லிவிட்டதால் சித்தாள்தான் ஏற்றினாள். தாய் தூரத்தில் நின்று பார்த்தாள். அழவில்லை. குழந்தைக்குக் கேட்கிற மாதிரி, "பெரீம்மா சொல்றதக் கேட்டு நட, சமர்த்தா இரு" என்று மட்டும் சொன்னாள். பெரீம்மா கூடப் போகவில்லை என்பது குழந்தைக்குக் கதவு மூடிய பிறகுதான் தெரிந்தது.

வண்டி போனதும் தாய் சித்தாளிடம் வந்தாள், அனுமதித்த தூரம்வரை. "குடுத்தவளே புடுங்கிக்கிட்ட" என்றாள்.

வாலுவுக்கு மருத்துவமனையில் மாத்திரை கொடுத்துக் குணமாக்கினார்கள். அங்கிருந்து அவளைத் தகப்பனின் அக்கா அழைத்துப் போனாள்; சிறைக்குத் திருப்பி அனுப்பவில்லை. தாய்க்கும் பின்கட்டிலேயே குணமாயிற்று. தண்டனை முடிந்து வெளியே வந்தபோது குழந்தை பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தது, அத்தையை அம்மா என்று கூப்பிட்டது, இவளோடு வர மறுத்தது. இவள் அதே ஊரில் ஒரு தையல் கடையில் வேலைக்குச் சேர்ந்து, விடுமுறை நாட்களில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள். ரேடியோவுக்கு மருந்து கேட்கவில்லை. அடுத்த ஆண்டு இறந்தாள். நோய் அவளிடமிருந்து தாய்க்கு வந்ததா, தாயிடமிருந்து அவளுக்குப் போனதா என்பது கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. இளம் வார்டருக்குக் கல்யாணமாகி ஒரு பையன் இருக்கிறான். படக்காரம்மா படம் மங்கல் என்று எழுதியதை யாரும் கேள்வி கேட்கவில்லை. அவள் இன்னும் அதே பெட்டியோடு சிறை சிறையாகப் போகிறாள். சித்தாளும் விடுதலையாகி, கட்டி முடியாத ஒரு கட்டடத்துக்குக் காவல் இருக்கிறாள். வாலுவின் அம்மா அவளோடு அதன்பின் பேசவில்லை. வாலுவுக்கு அவளை நினைவில்லை.